பத்தாவது ஆள்

வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் தனிமையைப் பற்றி வந்த ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதும்போது, தில்லியில் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு யூதப் பிரார்த்தனைக் கூடத்தில் போய் உட்கார்ந்திருப்பேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த மாதப் பக்கங்கள் முழுக்க அதற்கே.

*கேள்வி (மதுரை வாசகி): நீங்கள் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர்களின் கோயிலுக்குள் உங்களை எப்படி விட்டார்கள்? அந்தப் பழக்கம் எப்படி ஏற்பட்டது?*

எதிர்வீட்டு வழியாக ஏற்பட்டது. 1987-இல் என் கணவருக்கு தில்லிக்கு மாற்றலாகி, லோதி காலனியில் அரசுக் குடியிருப்பு கிடைத்தது. எதிர்வீட்டில் ஒரு மராத்திக் குடும்பம். கொங்கணக் கரையோரத்து ஊர்க்காரர்கள். குடும்பப் பெயர் 'கர்' என்று முடியும். அந்த அம்மாள் நம்மைப் போலத்தான் புடவை கட்டுவார், தலை நிறைய எண்ணெய் வைத்து வாரிக்கொள்வார். அவர்கள் யூதர்கள் என்று எனக்குத் தெரியவே ஆறேழு மாதம் ஆயிற்று. அதுவும் அவர்கள் வாசல் நிலையில் வலப்பக்கம் சாய்வாக அடித்திருந்த ஒரு விரல் நீள உலோகக் கூட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டதால். மெஸூஸா என்றார். உள்ளே சுருட்டி வைத்த தோல் தாளில், கடவுள் ஒருவரே என்று சொல்லும் அவர்களுடைய மூல மந்திரம் கையால் எழுதியிருக்கும். வீட்டுக்குள் நுழையும்போதும் வெளியே போகும்போதும் அதை விரலால் தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொள்வார். நம் வீட்டில் வாசல்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அந்த மாதிரி.

நான் அவரைத் 'தாயி' என்று கூப்பிடுவேன். மராத்தியில் அது அக்கா. எனக்கு அது தமிழ்த் தாயாகவும் காதில் விழும்.

1991 குளிர்காலத்தில் என் கணவர் தவறிப்போனார். ஊரிலிருந்து உறவுகள் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. வந்தவர்கள் எல்லாரும் அன்பானவர்கள்தான். ஆனால் எப்படி நடந்தது, எந்த டாக்டர், என்ன வயது, இனி என்ன செய்யப்போகிறாய் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். தாயி மட்டும் தினமும் வந்து தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுடைய முறையே அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஏழு நாள் துக்கத்தில், பார்க்க வருகிறவர் முதலில் பேசக் கூடாது. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கிறவரை காத்திருக்க வேண்டும். நான் ஐந்தாம் நாள்தான் பேசினேன். அதுவரை அவர் காத்திருந்தார்.

அப்புறம் இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, "எங்கள் மசீதுக்கு வருகிறாயா, சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம்" என்றார். தாயி குடும்பத்தைப் போன்ற கொங்கணக் கரையோரத்து மராத்தி யூதர்களுக்குப் பெனே இஸ்ரேல் என்று பெயர். அவர்கள் தங்கள் பிரார்த்தனைக் கூடத்தைப் பேச்சில் 'மசீத்' என்றுதான் சொல்வார்கள்.

லோதி தோட்டத்துக்குள் புகுந்து, கான் மார்க்கெட் தாண்டி, ஹுமாயூன் சாலைக்கு நடந்தே போனோம். அங்கே 1956-இல் கட்டிய சின்னக் கட்டடம், ஜூதா ஹயாம் ஆலயம். தில்லியில் யூதக் குடும்பங்கள் பத்து இருந்தால் அதிகம். ஆனால் அன்றைக்கு உள்ளே இருபத்தைந்து பேராவது இருந்திருப்பார்கள். தூதரகங்களில் வேலை பார்ப்பவர்கள், முதுகுமூட்டையோடு ஊர் சுற்ற வந்த பிள்ளைகள், வியாபாரத்துக்கு வந்தவர்கள், அவரவர் பெஞ்சில். வாசலில் இருந்தவர் என்னைப் பார்த்தார். யார், எந்த மதம் என்று கேட்கவில்லை. ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். நான் அதைத் தமிழ்ப் புத்தகம் போல இடப்பக்கம் திறந்தேன். பக்கத்து பெஞ்சுப் பெண் மெதுவாக வாங்கித் திருப்பி, வலப்பக்கத்திலிருந்து திறந்து, எந்த வரி நடக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். எனக்கு ஓர் எழுத்து தெரியாது. இருந்தும் அந்த விரல் வரிவரியாக நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாதியில் ஒரு பாட்டு வந்தது. சப்பாத் எனும் ஓய்வுநாளை மணப்பெண்ணாக வைத்து, வா வா என்று அழைக்கும் பாட்டு. 16-ஆம் நூற்றாண்டில், இன்றைய இஸ்ரேலில் உள்ள ஸாபெத் நகரத்தில் வாழ்ந்த ஷ்லோமோ அல்கபெட்ஸ் என்ற கவி எழுதியது. கடைசிக் கண்ணி வந்ததும் எல்லாரும் எழுந்து, அதுவரை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்த்துத் திரும்பித் தலை குனிந்தார்கள். பெண்ணை வரவேற்கிறார்களாம். நான் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி நின்றிருந்தேன். அத்தனை பேரும் ஒரே நொடியில் என் பக்கம் திரும்பினார்கள். அது எனக்கான வணக்கம் இல்லை என்று தெரியும். ஆனால் கணவன் போன வீட்டில் இரண்டு மாதமாக யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் இருந்தவள் நான். அன்றைக்கு அழுதேன்.

முடிந்ததும் தாயி இரண்டு கைகளையும் நீட்டி என் கைகளைத் தொட்டு, தன் விரல் நுனிகளை உதட்டில் வைத்துக்கொண்டார். அது அந்த மக்கள் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் வாழ்த்தும் முறை. வரிசையாக நாலைந்து பெண்கள் அதேபோல வந்து என் கையைத் தொட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நான் தாயி கூப்பிடும் முன்பே புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றேன்.

*கேள்வி (நாகர்கோவில் வாசகர்): நாங்கள் கிறிஸ்தவர்கள். பழைய ஏற்பாடு படித்து வளர்ந்தவர்கள். அங்கே சிலை, படம் எதுவும் இருக்காது அல்லவா? அப்படியானால் எதைப் பார்த்து வணங்குகிறார்கள்?*

சரிதான், உருவம் எதுவும் இல்லை. எருசலேம் இருக்கும் திசையைப் பார்த்து நிற்பார்கள். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள யூதர்களுக்கு அது பெரும்பாலும் கிழக்கு. நம் நாட்டிலிருந்து பார்த்தால் மேற்கு. அந்தச் சுவரில் ஒரு பேழை, அதற்குத் திரை. உள்ளே அவர்களுடைய வேதமான தோராவை எழுதிய சுருள்கள். பேழைக்கு முன்னால் அணையாத விளக்கு ஒன்று. நம் கோயில்களில் தூண்டாமணி விளக்கைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சுருளைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். பதப்படுத்திய தோலில், இறகுப் பேனாவால், பயிற்சி பெற்ற எழுத்தர் கையால் எழுதியது. மொத்தம் 304,805 எழுத்துகள். ஓர் எழுத்து சிதைந்தாலும் அதைத் திருத்துகிறவரை அந்தச் சுருளை வைத்து ஓதக் கூடாது. ஓதும்போது கைவிரல் படக் கூடாது என்பதால், முனையில் சுட்டுவிரல் வடித்த ஒரு கோலால் வரியைத் தொடர்வார்கள். ஒரு சனிக்கிழமை காலை மிகப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. சில எழுத்துகளின் தலையில் மெல்லிய கோடுகளால் கிரீடம் வைத்திருந்தது. புள்ளியும் இல்லை, உயிர்க்குறியும் இல்லை. எப்படி உச்சரிப்பது, எந்த ராகத்தில் இழுப்பது என்பதெல்லாம் ஓதுகிறவர் மனப்பாடம். நம் ஓதுவார்கள் ஞாபகம் வந்தார்கள்.

*கேள்வி (திருப்பூர் வாசகி): நான் பனியன் கம்பெனியில் வேலை செய்பவள். யூதர்கள் வாரத்தில் ஒரு நாள் முழுக்க எந்த வேலையும் செய்ய மாட்டார்களாமே. பெண்களுக்கு அது எப்படி முடியும்? அடுப்பு?*

வெள்ளிக்கிழமை அஸ்தமனத்துக்குள் சமையல் முடிந்துவிட வேண்டும். அதனால் வெள்ளி மத்தியானம் தாயி வீட்டில் ஒரே ஓட்டம்தான், அதை மறைக்க மாட்டேன். செய்யக் கூடாத வேலைகள் என்று 39 வகைகள் வைத்திருக்கிறார்கள். உழுவது, விதைப்பது, நூற்பது, நெய்வது, தைப்பது, எழுதுவது, நெருப்பு மூட்டுவது, அணைப்பது என்று போகும். உங்கள் தொழிலின் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது! எல்லா வீடுகளும் எல்லாவற்றையும் ஒரே கண்டிப்போடு கடைப்பிடிப்பதில்லை. ஆனால் விளக்கேற்றுவதைத் தாயி ஒரு வாரமும் விட்டதில்லை.

அதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடம் முன்பே ஏற்றிவிட வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் பாதி தண்ணீர், மேலே தேங்காய் எண்ணெய், அதில் திரி. இரண்டு விளக்குகள். ஏற்றியதும் கைகளால் சுடரைத் தன் பக்கமாக மூன்று முறை வளைத்து எடுப்பார். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மந்திரம் சொல்வார். ஏன் கண்ணை மூட வேண்டும்? மந்திரம் சொல்லிவிட்டால் ஓய்வுநாள் பிறந்துவிடும். அதற்குப் பின் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் விளக்கை முதலில் ஏற்றிவிட வேண்டும். ஆனால் எந்த நற்செயலுக்கும் மந்திரம்தான் முன்னால் வர வேண்டும் என்பது விதி. இரண்டுக்கும் வழி கண்டுபிடித்தார்கள்: ஏற்றிவிட்டுக் கண்ணை மூடு, மந்திரம் சொல், கண்ணைத் திற, வெளிச்சத்தை அப்போதுதான் முதல்முறை பார்ப்பது போலப் பார். தாயி கண்ணைத் திறக்க மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வார். பிள்ளைகள் பெயர், ஊரிலிருக்கும் தம்பி பெயர், சில வாரம் என் பெயர்கூட அந்தக் கைகளுக்குப் பின்னால் சொல்லுவாராம்.

மறுநாள் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு, முறுக்கிய மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி, ஏலக்காய் கிராம்பு மாதிரி வாசனைப் பொருளை எல்லாரும் முகர்ந்து ஓய்வுநாளை வழியனுப்புவார்கள். உங்களுக்கு ஒன்று சொல்வேன் தங்கச்சி: ஒரு நாள் முழுக்கக் கிடைக்காவிட்டாலும் விளக்கு வைத்த பிறகு அரை மணி நேரம் கைவேலை எதுவும் எடுக்காமல் இருந்து பாருங்கள். நான் இன்றும் அப்படித்தான் இருக்கிறேன்.

*கேள்வி (கும்பகோணம் வாசகி): பிரசாதம் உண்டா?*

உண்டு, அதுவும் நம் வாய்க்குப் பழக்கமான பிரசாதம்! யூதர்களில் பெனே இஸ்ரேல் மக்களிடம் மட்டும் உள்ள 'மலிதா'. அவலைத் தண்ணீர் தெளித்துப் பதமாக ஊறவைத்து, தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், முந்திரி திராட்சை கலந்து ஒரு தட்டில் குவிப்பார்கள். அதைச் சுற்றி ஐந்து வகைப் பழம். கிருஷ்ண ஜயந்திக்கு நாம் செய்யும் இனிப்பு அவலுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசமே தெரிந்ததில்லை. கல்யாணத்துக்கு முன், வேண்டுதல் பலித்தால், புது வீட்டுக்குக் குடிபோனால், எலியா தீர்க்கதரிசியை நினைத்து இதைப் படைத்து வாழ்த்துப் பாடுவார்கள். எலியாவின் ரதம் விண்ணுக்கு ஏறிய தடம் என்று அலிபாக் பக்கத்தில் கண்டாலா கிராமத்தில் ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். பாலஸ்தீனத்துத் தீர்க்கதரிசிக்குக் கொங்கணத்துப் பாறையில் தடம்!

இவர்களுடைய முன்னோர் வந்த கப்பல் அலிபாக் அருகே நவ்காவ் கரையோரம் உடைந்து, ஏழு ஆணும் ஏழு பெண்ணும் மட்டும் கரை ஏறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓடாது. அதனால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி இரவு திராட்சை ரசத்தின் மேல் ஆசி சொல்ல வேண்டும். முறைப்படி தயாரித்த ரசம் அந்த நாளில் இங்கே கிடைக்காது. தாயி வியாழன் இரவே உலர்ந்த கறுப்பு திராட்சையை ஊறப் போடுவார். மறுநாள் கையாலேயே பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டுவார். நம் வீட்டில் புளி கரைப்பது போலவே இருக்கும். கறுஞ்சிவப்பாக, கொஞ்சம் கெட்டியாக, அடிநாக்கில் துவர்க்கும். சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் எல்லாருக்கும் ஒரு வாய். எனக்கும்.

*கேள்வி (சென்னை வாசகர்): அங்கே யார் குருக்கள்? பெண்களைத் தனியாக உட்கார வைக்கும் மதத்தில் நீங்கள் எப்படி நிம்மதி கண்டீர்கள் என்பது எனக்குப் புரியவில்லை.*

நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. இந்தப் பதிலைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், அங்கே சம்பளத்துக்கு அமர்த்திய குருக்கள் இல்லை. புணேயில் பிறந்த பெனே இஸ்ரேல்காரர் எசக்கியேல் ஐசக் மலேகர், 1980 முதல் கௌரவச் செயலாளராக அந்த ஆலயத்தைத் தாங்கி வருகிறார். சட்டம் படித்தவர், தேசிய மனித உரிமை ஆணையத்தில் பணியாற்றியவர். ரபி எனும் யூத மதகுருவுக்கான முறையான பட்டம் பெற்றவர் இல்லை. பிரார்த்தனை நடத்துவது, கல்யாணம் செய்துவைப்பது, அடக்கம் செய்வது, பள்ளிப் பிள்ளைகள் வந்தால் உட்கார வைத்து விளக்குவது, அரசு நடத்தும் சர்வமதப் பிரார்த்தனைகளில் ஹீப்ரு மொழியில் ஓதுவது, எல்லாம் ஊதியமில்லாமல். அவர் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லிவரும் ஒரு நிலைப்பாடு உண்டு. அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

யூதர்களுக்குச் சில பிரார்த்தனைகளைச் சொல்லப் பத்துப் பேர் கூட வேண்டும். அதற்கு 'மின்யான்' என்று பெயர். பழைய மரபுப்படி பத்து ஆண்கள், பதிமூன்று வயது நிரம்பியவர்கள். ஒன்பது ஞானிகள் இருந்தாலும் போதாது. பத்துக் குடும்பம்கூட இல்லாத ஊரில் பத்து ஆணுக்கு எங்கே போவது? தில்லியில் பெண்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். பழமை வழுவாத ஆலயங்களில் இது மிக அபூர்வம்.

இது எனக்கு ஏட்டுச் செய்தியாக இருந்தவரை பெரிதாகத் தெரியவில்லை. தாயியின் கணவர் இறந்த முதல் ஆண்டு நினைவு நாளன்று தெரிந்தது. ஜூன் மாதம். தில்லி வெயிலுக்குத் தூதரகக் குடும்பங்கள் எல்லாம் ஊருக்குப் போயிருந்தன. இறந்தவருக்காகப் பிள்ளை சொல்ல வேண்டிய பிரார்த்தனை 'கதீஷ்'. அதற்குப் பத்துப் பேர் கட்டாயம். பையனுக்கு அப்போது பதினேழு வயது. வாசலைப் பார்த்தபடியே நின்றான்.

மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது என்பது யூதர்களின் வழக்கம். வேதத்தில் உள்ள சங்கீதம் என்ற துதிப்பாடல் புத்தகத்திலிருந்து பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வரியை எடுத்து, தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். வரி முடிந்தால் பத்துப் பேர். எங்கள் தாத்தா களத்தில் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார். அந்தக் கூச்சமும் பக்தியும் கலந்த குரல் எனக்குத் தெரியும். அன்றைக்கும் அதே குரல். சொல் ஒவ்வொரு தலையாக நகர்ந்தது. ஒன்பதாவது சொல் வாசலோரம் நின்ற, யாரென்று தெரியாத ஒரு வெளிநாட்டுப் பெரியவர் மேல் விழுந்தது. அதோடு ஆண்கள் தீர்ந்துவிட்டார்கள். வரியில் ஒரு சொல் பாக்கி.

ஓதிக்கொண்டிருந்தவர் பெண்கள் பக்கம் திரும்பினார். தாயியைப் பார்த்துப் பத்தாவது சொல்லைச் சொன்னார்.

தாயி முதலில் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்து. பின்னால் நான்தான் இருந்தேன். நான் கணக்கில் வரமாட்டேன், யூதர்கள்தான் வேண்டும். புரிந்ததும் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். பையன் ஆரம்பித்தான். கதீஷ் அரமேயிக் மொழியில் உள்ள பிரார்த்தனை. இறந்தவருக்காகச் சொல்வது, ஆனால் சாவு என்ற சொல்லே அதில் வராது. முழுக்கக் கடவுளைப் போற்றும் வரிகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். அன்றைக்கு எனக்குத் தனியாகக் கேட்ட ஆமென் தாயியுடையது. அவர் அம்மா காலத்தில், அவர் ஊரில், கணவனுக்கான கதீஷைப் பெண் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இவர் இல்லாவிட்டால் அன்றைக்கு அது நடந்தே இருக்காது.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவது எனக்கு இன்றும் உவப்பில்லை. அதற்காக அந்தப் பத்தாவது சொல்லை நான் மறக்க முடியாது.

இந்த மக்கள் வாசலைத் திறந்து வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1948-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் பெனே இஸ்ரேல் மக்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே போனால், நீங்கள் உண்மையான யூதர்தானா, உங்கள் திருமணங்கள் செல்லுமா என்று மதத் தலைமை சந்தேகம் கிளப்பியது. போராட்டம் நடத்தினார்கள். 1964-இல்தான் எல்லா வகையிலும் முழு யூதர்களே என்று ஏற்றுக்கொண்டார்கள். தாயியின் சித்தப்பா குடும்பம் அந்த அவமானத்தை அனுபவித்தது. வாசலில் நிறுத்தி 'நீ யார்' என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்த வீட்டுப் பெண், என்னை எதுவும் கேட்காமல் கூட்டிக்கொண்டு போனார்.

*கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): காஸாவிலிருந்து வரும் படங்களைப் பார்த்த பிறகும் யூதர்களைப் பற்றி இவ்வளவு உருகி எழுத மனம் வருகிறதா?*

வருகிறது ஐயா. காஸாவில் இறந்த குழந்தைகளின் படங்களைப் பார்த்து நானும் சாப்பிடாமல் எழுந்திருக்கிறேன். அந்தத் துக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2023 அக்டோபரில் கொல்லப்பட்ட, பிடித்துச் செல்லப்பட்ட இஸ்ரேலியர்களுக்காகவும் துக்கப்பட்டேன். ஆனால் ஒரு அரசு செய்வதற்கு, ஹுமாயூன் சாலையில் விளக்கேற்றும் ஒரு மராத்திப் பாட்டி பதில் சொல்ல வேண்டும் என்றால் அதை நான் ஏற்க மாட்டேன். அவர்கள் இந்தியர்கள். அந்த ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில்தான் லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் அடக்கமாகியிருக்கிறார். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததில் பேச்சுவார்த்தை நடத்தியவர், கல்கத்தாவில் பிறந்த பாக்தாதி யூதர், அதாவது பாக்தாத் பக்கமிருந்து வந்து குடியேறிய யூதர்களின் வழியில் வந்தவர். 2016 ஜனவரியில் காலமானார். 2008-இல் மும்பையில் பயங்கரவாதிகள் புகுந்த இடங்களில் ஒன்று யூத விருந்தினர் இல்லம். அதற்குப் பிறகு தில்லியிலும் பிரார்த்தனைக்குப் போகிறவர்கள் காவலைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. சாமி கும்பிடப் போகும்போது துப்பாக்கியைக் கடந்து போவது எப்படி என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

*கேள்வி (திருவாரூர், கல்லூரி மாணவி): தமிழுக்கும் யூதர்களுக்கும் தொடர்பு உண்டா?*

உண்டம்மா. ஹீப்ரு வேதத்தில் சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த பொருட்களில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்ற சொல், நம் 'தோகை'யிலிருந்து போனது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. கொச்சி யூதர்கள் அதைப் பொக்கிஷமாகக் காத்துவந்தார்கள். சென்னையில் பவழக்காரத் தெரு தெரியுமா? 17-ஆம் நூற்றாண்டில் பவழம் கொண்டுவந்து கொடுத்து வைரம் வாங்கிப்போன யூத வணிகர்களின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. லாயிட்ஸ் சாலையில் ஒரு சிறிய யூதர் கல்லறைத் தோட்டமும் உண்டு. முடிந்தால் இவற்றில் ஒன்றை உன் படிப்புக்கு எடுத்துக்கொள்.

*கேள்வி (வேலூர் வாசகர்): அடுத்த மாதம் குடும்பத்தோடு தில்லி போகிறோம். போய்ப் பார்க்கலாமா? மதம் மாறச் சொல்வார்களா?*

தாராளமாகப் போகலாம், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஆண்கள் தலையை மூட வேண்டும், கைக்குட்டை போதும். வெள்ளி மாலை போனால் செல்பேசியை அணைத்துவிடுங்கள். படம் எடுக்கக் கூடாது, எழுதவும் கூடாது. ஓய்வுநாளில் பணத்தைத் தொட மாட்டார்கள், அதனால் காணிக்கை கொடுக்கிறேன் என்று நீட்டாதீர்கள். தேங்காய், பூ வேண்டாம். மதம் மாறச் சொல்ல மாட்டார்கள். யூதர்களிடம் ஆள் சேர்க்கும் வழக்கமே கிடையாது. இருபத்தேழு வருடத்தில் என்னிடம் ஒருவர்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் வெள்ளி காலை பிள்ளையார் கோயில், மாலை ஹுமாயூன் சாலை என்றுதான் இருந்தேன்.

*கேள்வி (ஸ்ரீரங்கம் வாசகி): உங்கள் தாயி இப்போது எங்கே இருக்கிறார்?*

2009-இல் பையன் இஸ்ரேலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அஷ்தோத் என்ற கடலோர ஊர். அங்கே பெனே இஸ்ரேல் குடும்பங்கள் நிறைய. அவலும் ஏலக்காயும் கடையில் கிடைக்கிறதாம். வெள்ளிக்கிழமை அவருக்கு விளக்கேற்றும் நேரம் நெருங்கும்போது எனக்கு ராத்திரி ஆகிவிடும். அதனால் மத்தியானமே கூப்பிட்டுவிடுவார். ஐந்து நிமிடம். இந்தியில் ஆரம்பித்து, பாதியில் அவர் மராத்திக்கும் நான் தமிழுக்கும் போய்விடுவோம். யார் எதை விட்டாலும் மற்றவருக்குப் புரிகிறது.

போகும்போது ஒரே ஒரு வேலையை என்னிடம் விட்டுப் போனார். யூதர்கள் கல்லறையில் பூ வைக்க மாட்டார்கள். ஒரு சின்னக் கல்லை வைப்பார்கள். பூ வாடிவிடும், கல் இருக்கும். ஜூன் மாதம் அவர் கணவர் நினைவு நாளில் அவருக்குப் பதிலாக நான் கல் வைக்க வேண்டும். ஒன்பது வருடம் வைத்தேன். தில்லியில் கூழாங்கல் தேடுவது சுலபம் இல்லை. லோதி தோட்டத்துப் பாதையோரம் பொறுக்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, முந்தானையில் முடிந்துகொண்டு போவேன்.

2018-இல் நானும் தில்லியைக் காலி செய்துவிட்டுத் திருச்சிக்கு வந்தேன். அதற்கு முன் ஜனவரியில் ஊருக்கு வந்திருந்தபோது, அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கி ஒரு கல் எடுத்து வைத்திருந்தேன். புறா முட்டை அளவு, சாம்பல் நிறம், நடுவில் வெள்ளைக் கோடு. கடைசியாகப் போனபோது அதைத்தான் வைத்தேன். போன வெள்ளிக்கிழமை தாயியிடம் இந்தப் பக்கங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அந்தக் கல்லைப் பற்றியும் எழுது என்றார்.